மூன்றாம் ஆண்டுப் பசி

சுவீடனில் 1987ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. லார்ஸ் ஷோஸ்த்ரோம் என்ற மருத்துவரின் தலைமையில், மிகை உடற்பருமன் கொண்ட 2,010 பேர் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்கள். அவர்களோடு ஒப்பிட, வயதிலும் எடையிலும் அவர்களை ஒத்த 2,037 பேர் அறுவை இன்றி வழக்கமான மருத்துவத்தை மட்டும் பெற்றார்கள். இரு குழுவினரின் எடையும் ஆண்டுக்கணக்கில் பதிவாயிற்று. அந்தப் பதிவுகளைக் கோடாக வரைந்தால், அறுவைக் குழுவின் கோடு முதல் ஆண்டில் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் செங்குத்தாக இறங்குகிறது. ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்கும் நடுவில் எங்கோ அடியைத் தொடுகிறது. பிறகு மெல்ல மேலே திரும்புகிறது. இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் அந்த அடிப்புள்ளியில் தங்கள் பழைய எடையில் சராசரியாக 32 விழுக்காட்டை இழந்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. இந்த மெல்லிய ஏற்றம் ஏன் வருகிறது, அதற்கு யார் பொறுப்பு, அதை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்த முடியும் என்பதே இந்த அத்தியாயம் பேசும் பொருள்.

எடை திரும்பும்போது சுற்றியிருப்பவர்கள் இரண்டில் ஒரு தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள். 'வாயைக் கட்ட முடியாதவருக்கு எந்த ஆபரேஷன் செய்து என்ன பயன்' என்பது ஒன்று. 'அப்போதே சொன்னேன், இந்த ஆபரேஷனெல்லாம் வீண்' என்பது மற்றொன்று. முதலாவது நோயாளியின் மீது பழி போடுகிறது, இரண்டாவது மருத்துவத்தின் மீது. இரண்டுமே பிழை என்று நான் கருதுகிறேன். அறுவை என்பது ஒரே நாளில் முடிந்துவிடும் சிகிச்சை என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. குடல்வாலை எடுத்தால் அந்த நோய் முடிந்தது. உடற்பருமன் அப்படிப்பட்டதில்லை. சர்க்கரை நோயையும் இரத்தக் கொதிப்பையும் போல அது வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் நோய். அறுவை அதைச் சில ஆண்டுகளுக்கு வலுவாக அடக்குகிறது, வேரோடு பிடுங்குவதில்லை. மூன்றாம் ஆண்டில் கொஞ்சம் எடை கூடுவது அந்த நோயின் இயல்பு. அதற்கு வைத்தியம் உண்டு. ஆனால் அது அடங்கிக் கிடந்த நோய் மறுபடி அசைவதன் அடையாளம் என்று ஒப்புக்கொண்டால்தான் வைத்தியம் தொடங்க முடியும்.

இந்த அறுவை எப்படி வேலை செய்கிறது என்ற புரிதலே காலப்போக்கில் தலைகீழாக மாறியிருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன், சிகாஷி இட்டோ என்ற இருவரும் 1966இல் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார்கள். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் பிறகு எடை கூடாமல் இருந்ததைக் கவனித்ததிலிருந்து பிறந்தது அந்த யோசனை. அப்போதைய விளக்கம் எளிது: பை சிறிதானால் சாப்பாடு குறையும், குடலில் ஒரு பகுதியைத் தாண்டிவிட்டால் சத்து உடலில் சேர்வதும் குறையும். ஏறக்குறைய குழாய் வேலை. ஆனால் 1999இல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தபோது கதை மாறியது. இரைப்பையின் மேற்பகுதியில் பெருமளவு சுரந்து, மூளைக்குப் பசி என்று சொல்லி அனுப்பும் பொருள் அது. இன்று பரவலாகச் செய்யப்படும் ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது, கிரெலின் அதிகம் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுகிறது. பைபாஸில் உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை விரைவாக அடைவதால், போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் சாப்பிட்டவுடன் பெருகுகின்றன. ஆக, அறுவை வயிற்றை மட்டும் சிறிதாக்கவில்லை, வயிறும் மூளையும் பேசிக்கொள்ளும் பேச்சையே மாற்றுகிறது. முதல் ஆண்டில் பலர் பசியே இல்லை என்று சொல்வது இதனால்தான். மருத்துவமனைகளில் இதற்குத் தேனிலவுக் காலம் என்று பெயர். பெயர் பொருத்தம்தான், ஆனால் ஆபத்தானதும்கூட. அந்த ஆண்டில் கிடைக்கும் கட்டுப்பாட்டை நோயாளி தன் மன உறுதி என்று நம்பிவிடுகிறார். பின்னால் அது தளரும்போது, தளர்ந்தது தன் மன உறுதிதான் என்றே நம்புகிறார்.

உண்மையில் நடப்பது வேறு. ஓய்வாக இருக்கும் உடல் செலவழிக்கும் சக்தியைக் கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்தும் வாய்ப்பாடு ஒன்றில், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 10 கலோரி வருகிறது. 130 கிலோ இருந்தவர் 85 கிலோ ஆனால், சும்மா இருக்கும் நேரத்தின் செலவே 450 கலோரி குறைந்துவிடும். நடக்கும்போதும் படி ஏறும்போதும் சுமக்கும் பாரம் குறைந்ததால் மிச்சமாகும் சக்தி தனி. அந்த 450 கலோரி மட்டுமே ஏறத்தாழ மூன்று தோசைக்கும் சட்னிக்கும் சமமான அளவு. எடை குறைந்தவர், தன்னைப் போலவே உயரமும் வயதும் கொண்டு பழைய எடையிலேயே இருப்பவரைவிட அவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால்தான் இருந்த இடத்தில் இருக்க முடியும், அதுவும் என்றென்றைக்கும். இதன்மேல் இன்னொன்று சேர்கிறது. கொழுப்புத் திசு தன் இருப்பின் அளவை லெப்டின் என்ற ஹார்மோன் வழியாக மூளைக்குத் தெரிவிக்கிறது. ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வகம் 1994இல் இதைக் கண்டறிந்தது. கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறைகிறது, மூளை அதைப் பஞ்சம் என்று படிக்கிறது. பிரியா சுமித்ரனும் அவருடைய சகாக்களும் ஆஸ்திரேலியாவிலிருந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை இழந்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஓராண்டு கழிந்த பின்னும் பழைய நிலைக்கு வரவில்லை. உடல் இழந்ததை மறக்கவில்லை, திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. அறுவை அந்தக் கூக்குரலை அமுக்குவதில் வேறெந்த முறையையும்விட வெற்றி பெறுகிறது. பைபாஸின் ஹார்மோன் மாற்றங்களில் பல ஆண்டுக்கணக்கில் நீடிக்கவும் செய்கின்றன. ஆனாலும் அமுக்கம் முழுமையானதன்று. குடல் புதிய வேலைக்குப் பழகுகிறது, இரைப்பைப் பை சற்றே தளர்கிறது. பைபாஸில் பையையும் குடலையும் இணைத்த வாய் சிலருக்கு விரிந்துவிடுகிறது. அந்த வாய் அகன்றவர்களுக்கு எடை அதிகம் திரும்புகிறது என்பது எண்டோஸ்கோப்பி ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லோருக்கும் ஒரே உடலியல்தான் என்றால், ஒரே அறுவையைச் செய்துகொண்ட இருவரில் ஒருவர் ஐந்து கிலோவும் இன்னொருவர் இருபத்தைந்து கிலோவும் கூடுவது ஏன்? வித்தியாசம் சாப்பாட்டுப் பழக்கத்தில்தானே இருக்க வேண்டும்? இந்த மறுப்பில் பாதி உண்மை. அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் நடந்த லாப்ஸ் ஆய்வு, அறுவைக்குப் பிந்தைய மூன்றாண்டுகளில் 25 பழக்கங்களை எடுத்து எடையோடு பொருத்திப் பார்த்தது. அவற்றில் மூன்றுதான் எல்லாவற்றையும்விட மேலெழுந்து நின்றன: வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பது, வயிறு நிறைந்த பிறகு சாப்பாட்டை நிறுத்துவது, நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருப்பதை விடுவது. பைபாஸ் செய்துகொண்டு, முன்பில்லாத இந்த மூன்று பழக்கங்களுக்கும் மாறியவர்கள் பழைய எடையில் சுமார் 39 விழுக்காட்டை இழப்பார்கள் என்றும், எதிலும் மாறாதவர்கள் சுமார் 25 விழுக்காட்டை இழப்பார்கள் என்றும் அந்தக் கணக்கு காட்டியது. 130 கிலோக்காரருக்கு இது 18 கிலோ வித்தியாசம். பழக்கம் ஒரு பொருட்டே இல்லை என்று இதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு நிதானம் வேண்டும். வயிறு நிறைந்ததும் நிறுத்துகிறவர் நிறுத்துவது ஒழுக்கத்தாலா, அல்லது நிறைவு என்ற உணர்வு அவருக்கு இன்னும் பலமாக வருவதாலா? நாளெல்லாம் கொறிக்கிறவர் சோம்பலால் கொறிக்கிறாரா, அல்லது அவருடைய பசி மற்றவரைவிடச் சீக்கிரமாகவும் உரக்கவும் திரும்பிவிட்டதா? கூட இருந்து கவனிக்கும் ஆய்வால் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது. என் வாசிப்பில், பழக்கமும் பசியும் ஒன்றையொன்று இழுத்துச் செல்லும் இரட்டை மாடுகள். பசி திரும்பும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும், அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பசி எந்த உணவை, எந்த நேரத்தில், எந்த வடிவில் சந்திக்கிறது என்பதில்தான் மனிதன் கைவைக்க முடியும். அறுவைக்குப் பிந்தைய உணவுப் பழக்கம் பற்றிய பேச்சு நடக்க வேண்டிய இடம் அதுதான்.

வடிவம் என்று சொன்னதை விளக்க வேண்டும், ஏனென்றால் இதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது. அறுவைக்குப் பிறகு இரைப்பையின் மிகப் பெரிய துணை, திடமான உணவு அதில் தங்கும் நேரம். நன்றாக மென்று விழுங்கிய மீன் துண்டு, அவித்த முட்டை, கெட்டியான சுண்டல், காய்க்கூட்டு ஆகியவை சிறு பையில் தங்கி, சில வாய்களிலேயே போதும் என்ற உணர்வைத் தருகின்றன. கஞ்சி, பாயசம், குழையப் பிசைந்த ரசம் சாதம், ஐஸ்கிரீம், மில்க்‌ஷேக் ஆகியவை தங்குவதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. நம் வீடுகளில் இன்னொரு வகை உண்டு. முறுக்கு, தட்டை, மிக்சர், பிஸ்கட் எல்லாம் கையில் மொறுமொறுப்பாக இருந்தாலும், வாயில் எச்சிலோடு கலந்ததும் மாவாகிக் குழைந்துவிடும். வயிற்றுக்கு அவை திட உணவே அல்ல. நூறு கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு கைப்பிடி முப்பது கிராம் என்று வைத்தால், காலை காபியோடு ஒரு கை, மாலை ஒரு கை, தொலைக்காட்சி முன் ஒரு கை என்று மூன்று கை மிக்சர் ஏறத்தாழ 450 கலோரி. மேலே கணக்கிட்ட பற்றாக்குறை முழுவதையும் அது நிரப்பிவிடுகிறது. இப்படிச் சாப்பிடுகிறவர் ஒருவேளைகூட வயிறு முட்டச் சாப்பிடவில்லை. தட்டில் மூன்று கரண்டி சோறுதான் வைத்துக்கொள்கிறேன், எடை எப்படிக் கூடுகிறது என்று அவர் கேட்பதில் பொய்யே இல்லை. அவருடைய தட்டு சுத்தமாகத்தான் இருக்கிறது. எடை வருவது இரண்டு சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவிலிருந்து.

சாப்பாட்டின் வரிசையை மாற்றச் சொல்லும் ஆலோசனைக்கும் இதே தர்க்கம்தான் அடிப்படை. முதலில் முட்டை, மீன், கோழி, பருப்பு, பனீர் போன்ற புரதம், பிறகு காய், இடம் மிச்சமிருந்தால் கடைசியில் சோறோ இட்லியோ. சோற்றைச் சுற்றியே இலை போடும் நமக்கு இது சின்ன மாற்றமில்லை. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஒரு முட்டை தருவது சுமார் 6 கிராம்தான் என்பதால், சைவ உணவுக்காரர்களுக்கு மட்டுமன்றி அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் இது திட்டமிட்டால்தான் எட்டும் அளவு. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் உடலின் சக்திச் செலவு இன்னும் சுருங்கும், எடை திரும்ப வழி இன்னும் அகலும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்கத் தேவைப்படுவது தனிக் கதை, ஆனால் எடை கூடிவிட்டது என்ற வெட்கத்தில் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்துகிறவர்கள் இவற்றையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். மதுவைப் பற்றியும் ஒரு சொல். பைபாஸுக்குப் பிறகு மது இரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் ஏறுகிறது. லாப்ஸ் ஆய்வில், மதுவால் சிக்கலுக்குள்ளானவர்கள் அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 விழுக்காடு, அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் 9.6 விழுக்காடு. எண் சிறிதாகத் தோன்றலாம். உயர்ந்த காலம்தான் கவனத்துக்குரியது, அதுவும் எடைக் கோடு திரும்பத் தொடங்கும் அதே இரண்டாம் ஆண்டு.

கட்டுமீறிச் சாப்பிடும் உணர்வு பற்றியும் இதேபோன்ற ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. சாப்பிடத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை என்ற அனுபவம் அறுவைக்கு முன் இருந்ததா என்பதை வைத்துப் பின்விளைவைச் சரியாக ஊகிக்க முடிவதில்லை. அறுவைக்குப் பிறகு அது தலைகாட்டுகிறதா என்பதுதான் எடையையும் மன வருத்தத்தையும் முன்னறிவிக்கிறது. அதாவது, அறுவைக்கு முன் ஒருமுறை உளவியல் ஆலோசகரைப் பார்த்துச் சான்றிதழ் வாங்குவது போதாது. கேள்வி கேட்க வேண்டிய நேரம் அதற்குப் பிறகே வருகிறது.

இவ்வளவும் உண்மையென்றால் அறுவையே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எடை திரும்புகிறது என்ற ஒரே சொற்றொடர் பத்து விதமான உண்மைகளை மறைப்பதால் எழும் கேள்வி இது. நாற்பது கிலோ இழந்தவர் பத்து கிலோ கூடினால், இழந்ததில் கால்வாசி திரும்பியது என்றும் சொல்லலாம், முப்பது கிலோ நிலைத்தது என்றும் சொல்லலாம். அமெரிக்கப் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் பைபாஸ் செய்துகொண்டவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், பழைய எடையை ஏறக்குறைய முழுதாகத் தொட்டவர்கள் 3.4 விழுக்காட்டினர் மட்டுமே. யூட்டாவில் நடந்து 2017இல் வெளியான இன்னொரு ஆய்வில், இரண்டாம் ஆண்டில் சராசரி இழப்பு 45 கிலோ, ஆறாம் ஆண்டில் 36.3, பன்னிரண்டாம் ஆண்டில் 35. ஏற்றம் ஏறக்குறைய முழுக்க இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவிலேயே நடந்து முடிந்திருக்கிறது, அதன்பின் கோடு கிட்டத்தட்டச் சமதளம். சுவீடன் ஆய்விலோ, கொஞ்சம் எடை திரும்பியவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் அறுவைக் குழுவில் இறப்பு அபாயம் 29 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவின் எடை அத்தனை ஆண்டுகளும் இருந்த இடத்திலிருந்து இரண்டு விழுக்காட்டுக்கு மேல் அசையவே இல்லை. மருத்துவத்தில் எந்தச் சிகிச்சையையும் அதன் உச்சப் பலனோடு ஒப்பிட்டுக் குறைசொல்வது நியாயமில்லை, அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

அடுத்த மறுப்பு புதியது. வாரம் ஒரு ஊசியில் எடை குறைக்கும் செமகுளுடைடு போன்ற மருந்துகள் வந்துவிட்டபின் இந்தக் கவலையெல்லாம் பழங்கதை ஆகவில்லையா? அந்த மருந்துகள் பெரும் வரவு, அதில் ஐயமில்லை. லண்டனில் நடந்து 2023இல் வெளியான ஒரு பரிசோதனையில், அறுவையால் போதுமான பலன் பெறாத 70 பேரில் இதே வகை மருந்தான லிராகுளுடைடு பெற்றவர்கள் 24 வாரத்தில் எடையில் ஏறக்குறைய 9 விழுக்காட்டைக் குறைத்தார்கள், வெறும் ஊசி பெற்றவர்களுக்கு ஒரு விழுக்காடுகூடக் குறையவில்லை. ஆனால் இந்த வெற்றி என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலச் செயல்படும் ஒரு மருந்து திரும்பிய எடையை இறக்குகிறது என்றால், திரும்பியதற்குக் காரணமும் பசியின் வேதியியலில் பெருமளவு இருந்திருக்க வேண்டும். செமகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்று அதே மருந்தின் தொடர் ஆய்வு காட்டியிருப்பதையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். கத்தியானாலும் ஊசியானாலும் நோயின் சுபாவம் மாறவில்லை.

கடைசியாக, அதிகம் கேட்கும் மறுப்பு: எல்லாவற்றையும் ஹார்மோன் மேல் போட்டுவிட்டால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லாமல் போய்விடாதா? நான் அஞ்சுவது இதற்கு நேரெதிரானதை. பழி போடுவதால் யாருடைய எடையும் இறங்கியதில்லை, ஆனால் பழிக்கு அஞ்சி எடை பார்க்கும் கருவியை மறைத்து வைத்தவர்களும், மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டவர்களும் ஏராளம். வாரந்தோறும் எடை பார்ப்பதுதான் பலன் தரும் மூன்று பழக்கங்களில் ஒன்று என்றால், அந்த எண்ணை வெட்கமின்றிப் பார்க்கும் மனநிலையைக் கொடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். இரண்டு கிலோ கூடும்போதே வருகிறவருக்குச் செய்ய நிறைய இருக்கிறது. இருபது கிலோ கூடியபின் வருகிறவருக்கு அவற்றில் பாதிதான் எஞ்சியிருக்கும்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், உடல் நிறை எண் 27.5ஐத் தாண்டினாலே அறுவையைப் பற்றி யோசிக்கலாம் என்று 2022இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. எனவே இங்கு இந்த அறுவையைச் செய்துகொள்வோர் பெருகவே செய்வார்கள். அவர்களுக்கான கவனிப்பு பெரும்பாலும் முதல் ஆண்டில்தான் அடர்த்தியாக இருக்கிறது: ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று அழைப்புகள் வரும், எடை தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில். வளைகோடு திரும்பும் பதினெட்டாம் மாதத்துக்குப் பிறகு அழைப்புகள் நின்றுபோகின்றன. இந்த அட்டவணையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் கோரிக்கை. இரண்டாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சந்திப்பு. அதில் எடையோடு நான்கைந்து கேள்விகள்: வேளைகளுக்கு நடுவில் என்ன போகிறது, சாப்பிடும்போது நிறுத்த முடிகிறதா, வயிறு நிறைவது முன்புபோல் தெரிகிறதா, புதிதாக ஸ்டீராய்டோ மனச்சோர்வு மாத்திரையோ இன்சுலினோ சேர்ந்திருக்கிறதா, மது எப்படி. நிறைவே தெரியவில்லை என்றால் எண்டோஸ்கோப்பி. நிறைவு தெரிந்தும் பசி துரத்துகிறது என்றால் மருந்து. இரண்டும் சரியாக இருந்து மிக்சர் டப்பாதான் காரணம் என்றால், வீட்டில் அந்த டப்பாவை நிரப்புகிறவரையும் அடுத்த சந்திப்புக்கு வரச் சொல்ல வேண்டும்.